மாநாட்டு அமர்வை முன்மொழிதல்

மதிப்பிற்குரிய ஐயா,

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இதழியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஏ.இ.ஜே.எம்.சி. எனப்படும் இதழியல், வெகுமக்கள் தொடர்பியல் கல்விச் சங்கத்தின் ஆகஸ்ட் மாநாட்டுக்குக் குழு விவாதம் ஒன்றை முன்மொழிந்தேன். தலைப்பு 'டிஜிட்டல் யுகத்தில் உள்ளூர் இதழியல்: சவால்களும் வாய்ப்புகளும்'. ஐந்து பேராசிரியர்கள் பேச ஒப்புக்கொண்டிருந்தும் அது ஏற்கப்படவில்லை. முன்மொழிவை இணைத்துள்ளேன். எங்கே தவறினேன்?

– ஆய்வு மாணவர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு முறை படித்தேன். ஐவரும் தகுதியானவர்கள்தாம். ஆனால் ஒன்றரை மணி நேரம் அவர்கள் எதைக் குறித்து முரண்படுவார்கள் என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை. 'சவால்களும் வாய்ப்புகளும்' என்று முடியும் தலைப்பைக் கண்டாலே, எழுதியவர் இன்னும் தம் கேள்வியை முடிவு செய்யவில்லை என்று எனக்குத் தோன்றிவிடுகிறது.

அந்த மாநாட்டில் ஆய்வுக் கட்டுரைக்கும் அமர்வுக்கும் வழி வேறு. கட்டுரையை வசந்த காலத்தில் அனுப்புகிறோம்; எழுதியவர் பெயர் தெரியாமலே அதை மதிப்பிடுகிறார்கள். அமர்வு முன்மொழிவோ அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே சங்கத்தின் பிரிவுகளில் ஒன்றுக்குச் சென்றுவிட வேண்டும். அமர்வுகளைப் பெறப் பிரிவுகளுக்கு அளவாகத்தான் 'சிப்', அதாவது காசுபோலச் செலவிடும் வில்லைகள், கொடுப்பார்கள். (1912இல் தொடங்கிய ஓர் ஆசிரியர் சங்கத்தில் சூதாட்ட மேசையின் சொல் புழங்குவதை நான் ரசிப்பதுண்டு.) இரண்டு பிரிவுகள் கூட்டாக நடத்தினால் சிப் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம் என்பதால், பிரிவின் பொறுப்பாளர் உங்கள் தாளைக் கையில் எடுத்ததும் 'இதற்கு யார் கூட்டுச் சேர்வார்கள்?' என்றுதான் யோசிப்பார். அவருக்கு நீங்கள் விடை எதுவும் வைக்கவில்லை.

கான்சஸ் மாநிலத்தின் மேரியன் என்னும் சிற்றூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்ட் 11 அன்று 'மேரியன் கவுண்டி ரெக்கார்ட்' வார இதழின் அலுவலகத்திலும் அதன் உரிமையாளர் வீட்டிலும் காவல்துறை புகுந்து கணினிகளையும் கைப்பேசிகளையும் எடுத்துச் சென்றது. இணை உரிமையாளரான 98 வயது ஜோன் மேயர் மறுநாள் இறந்தார். சில நாட்களில், போதிய சான்று இல்லை என்று கவுண்டி அரசு வழக்கறிஞர் சோதனை ஆணையைத் திரும்பப் பெற்றார். செய்தியறைச் சோதனைக்கு எதிராக 1980 முதலே கூட்டாட்சிச் சட்டம் இருக்கும்போது அந்த ஆணையில் நீதிபதி ஒருவர் எப்படிக் கையெழுத்திட்டார் என்பதைச் சட்டப் பிரிவினர் கேட்பார்கள். ஒரு சிற்றூர் இதழ் அந்த அடிக்குப் பின் எப்படி எழுந்து நின்றது என்பதைச் சமூக இதழியல் குழுவினர் கேட்பார்கள். கூட்டு அங்கேயே அமைந்துவிடுகிறது. ஜோனின் மகனும் அவ்விதழின் ஆசிரியருமான எரிக் மேயர் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்தவர் என்பதால் கற்பித்தல் பக்கத்திலிருந்தும் இதற்குள் நுழையலாம்.

ஆனால் எல்லாப் பக்கத்திலிருந்தும் நுழையாதீர்கள். ஆய்வு, கற்பித்தல், தொழில்சார் சுதந்திரமும் பொறுப்பும் என்று அமர்வுகள் மூவகைப்படும். நீங்களோ மூன்றையும் தொட்டுக்கொண்டு போகிறீர்கள். மேரியனைப் போன்ற பொருள் மூன்றாவது வகைக்கே உரியது. அப்படியானால் ஐந்து பேராசிரியர்கள் எதற்கு? இருவர் போதும். மற்ற இடங்களில் சிற்றிதழ் ஆசிரியர் ஒருவரையும், ஊடக வழக்குகளில் வாதாடும் வழக்கறிஞர் ஒருவரையும், கிடைத்தால் காவல்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவரையும் அமர்த்துங்கள். கடைசியாகச் சொன்னவர் கிடைப்பது கடினம். கிடைத்துவிட்டால் அமர்வில் யாரும் தூங்கமாட்டார்கள்.

இன்னொன்று. உங்கள் விளக்கத்தின் முதல் பத்தி முழுவதும் இணையம் வந்ததால் அச்சு ஊடகம் நலிந்த கதை. அதைப் படிக்கப் போகிறவர்கள் அதையே வகுப்பில் கற்பிக்கிறவர்கள். அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பேச்சாளரும் எந்தக் கேள்விக்கு விடை சொல்லப் போகிறார் என்பதைப் பெயருக்கு ஒரு வரியாக எழுதுங்கள். அந்த ஒரு வரி யாருக்காவது எழுத வரவில்லை என்றால், அவரை அழைக்க வேண்டியதில்லை.

நெறியாளர் இடத்தில் உங்கள் துறைத் தலைவரின் பெயரைக் கண்டேன். மரியாதை புரிகிறது. இருந்தாலும் கேள்வியை யோசித்தவர் நீங்கள் என்பதால், அந்த நாற்காலியில் நீங்களே அமர அவரிடம் இப்போதே அனுமதி கேட்டுவிடுங்கள்.