இந்துச் சாப்பாடு கேட்டோம், கோழி வந்தது

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது, சுத்த சைவம். போன மாதம் லண்டனில் இருக்கும் தம்பியிடம் போனார். டிக்கட் போட்டுத் தந்த ஏஜென்சியில் ‘இந்துச் சாப்பாடு’ என்று சொல்லித்தான் பதிந்தோம். பிளேனில் மூடியைத் திறந்தால் கோழிக்கறி! பாணும் பழமும் மட்டும் சாப்பிட்டுப் போய்ச் சேர்ந்திருக்கிறார். பிழை யாருடையது? சீனி வருத்தமும் உண்டு. திரும்பி வரும்போது என்ன செய்யலாம்?
– கல்லடி வாசகி

பதில்: சொன்னால் கோபம் வரும், ஆனால் விமானக் கம்பனி நீங்கள் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறது. அவர்களுடைய பட்டியலில் இந்துச் சாப்பாடு என்றால் மாட்டிறைச்சி இல்லாத சாப்பாடு, அவ்வளவுதான். கோழி, ஆடு, மீன், முட்டை எது வேண்டுமானாலும் வரலாம். அதன் குறியீடு எச்.என்.எம்.எல். வெள்ளிக்கிழமை நம் வீட்டில் சமைப்பது போல மரக்கறிதான் வேண்டுமென்றால் ஏ.வி.எம்.எல். என்று கேட்க வேண்டும். ஆசிய சைவ உணவு என்பது அதன் பெயர். பால், தயிர் இருக்கும். சில கம்பனிகள் இதையே ‘இந்து சைவம்’ என்று எழுதுவதால்தான் இத்தனை குழப்பம். வி.எல்.எம்.எல். என்று போட்டுவிடாதீர்கள், அதில் முட்டை வரும். உள்ளி, வெங்காயம்கூடச் சேர்க்காதவர்களுக்கு ஜைன உணவு இருக்கிறது, வி.ஜே.எம்.எல்.

என்னைக் கேட்டால் பிழை ஏஜென்சியுடையது. ‘மீன் இறைச்சி சாப்பிடுவாரா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இனி ஏஜென்சியின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். டிக்கட்டில் உள்ள ஆறெழுத்து பதிவு எண்ணைப் போட்டு, கம்பனியின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். வழியில் பிளேன் மாறுவதென்றால் இரண்டு பயணத்துக்கும் தனித்தனியாகக் குறியீடு விழுந்திருக்க வேண்டும். திகதி மாற்றினால் மறுபடியும் பாருங்கள், பழைய பதிவு கழன்றுவிடுவதுண்டு. பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு முன்பே பதிய வேண்டும். மட்டக்களப்பில் இரவு பஸ் ஏறிய பிறகு ஞாபகம் வந்து பயனில்லை. சாப்பாடு டிக்கட்டோடு சேர்ந்து வரும் கம்பனிகளில் இதற்குத் தனிக் காசு இல்லை. யாராவது கேட்டால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். மலிவு விலை விமானங்களில் எல்லாச் சாப்பாடும் காசுக்குத்தான், அது வேறு கதை.

அப்புறம், அம்மா ஆசனம் மாறி இருந்தால் பணிப்பெண்ணிடம் சொல்லட்டும். சிறப்புச் சாப்பாட்டை ஆசன எண்ணைப் பார்த்துத்தான் முதலில் கொண்டுவருவார்கள்.

சீனி வருத்தத்துக்கு டி.பி.எம்.எல். இருக்கிறது. ஆனால் அது சைவம் என்று எண்ண வேண்டாம், இறைச்சி வரலாம். பொதுவாக ஒருவருக்கு ஒரு வகைதான் பதிவார்கள். ஆகவே அம்மாவுக்குச் சைவத்தையே பதியுங்கள். கூட வரும் இனிப்பை ஒதுக்கிவிடலாம். கையில் கொஞ்சம் அவித்த கடலையோ ரொட்டியோ கொடுத்துவிடச் சொல்லுங்கள், சாப்பாடு பிந்தினால் உதவும். மருந்தும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

அடுத்த முறை போகும்போது தயிர்ச் சட்டி கேட்டுத் தம்பி அடம் பிடித்தாலும் கொடுத்தனுப்பாதீர்கள். தயிரும் திரவக் கணக்குத்தான், கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் கொண்டுபோக முடியாது. பெரிய பெட்டியில் போட்டாலும் நம் நாட்டிலிருந்து பால் பொருட்களைப் பிரித்தானியாவுக்குள் விடமாட்டார்கள்.