கை இருப்பவரெல்லாம் ஹஸ்தீயா?

வணக்கம். இப்போதுதான் சமஸ்கிருதம் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். ஹஸ்தம் என்றால் கை, துதிக்கை இருப்பதால் யானைக்கு ஹஸ்தீ என்று பெயர் என்றார் ஆசிரியர். கை எனக்கும்தான் இருக்கிறது. என்னை ஏன் அப்படிச் சொல்வதில்லை? அகராதியில் வேறு ஹஸ்தின் என்று போட்டிருக்கிறது. எது சரி?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் முதல் கேள்வியைச் சமஸ்கிருத இலக்கணம் வகுத்த பாணினியே யோசித்துவிட்டார். ‘உடைய’ என்ற பொருளைத் தர அகரத்தில் முடியும் சொற்களோடு ‘வத்’ சேர்க்கலாம், ‘இன்’ சேர்க்கலாம்; எழுவாயாக வரும்போது இவை ‘வான்’, ‘ஈ’ என்று முடியும். தனம் உள்ளவன் தனவான், தனீ இரண்டும்தான். அந்தக் கணக்கில் கை உள்ள யாரையும் ஹஸ்தீ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவருடைய இலக்கண நூலான அஷ்டாத்யாயியின் 5.2.133ஆம் சூத்திரம் குறுக்கே நிற்கிறது: ‘ஹஸ்தாஜ் ஜாதௌ’. ஒரு ஜாதியை, அதாவது இனத்தைக் குறிக்கும்போதுதான் ஹஸ்தத்தோடு ‘இன்’ சேரும். அந்த இனம் யானை. மற்றவர்களுக்கு? ‘ஹஸ்தவான் புருஷ:’ என்கிறது அந்த நூலுக்கு எழுதப்பட்ட காசிகை உரை. ஆகவே நீங்கள் ஹஸ்தவான்!

நம் இலக்கணத்தில் இதைக் காரணச் சிறப்புப்பெயர் என்போம். வளைந்ததெல்லாம் வளையல் ஆகிவிடுவதில்லையே. பாணினியின் அடுத்த இரண்டு சூத்திரங்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. வர்ணீ என்றால் பிரம்மசாரி மட்டும்; புஷ்கரிணீ என்றால் தாமரை உள்ள இடம் மட்டும். நம் கோயில் புஷ்கரணி அங்கிருந்து வந்ததுதான்.

ரிக்வேதத்தில் இந்தச் சொல் இன்னும் தனியாக நடக்கப் பழகவில்லை. மருத்துக்கள் என்னும் புயல் தேவர்களைப் பாடும் 1.64இல் ‘ம்ருகா இவ ஹஸ்தின:’ என்று வருகிறது. கையுள்ள மிருகங்களைப் போலக் காடுகளைத் தின்கிறீர்கள் என்று பொருள். 4.16இலும் ‘ம்ருகோ ந ஹஸ்தீ’. ‘கையுள்ளது’ என்பது அப்போது வெறும் அடைமொழி. பக்கத்தில் மிருகம் தேவைப்பட்டது. பிற்பாடு மிருகம் உதிர்ந்து அடைமொழியே பெயராகிவிட்டது. தமிழில் அது உதிரவில்லை. ‘கைம்மா துன்பம் கடிந்த பிரானே’ என்று நம்மாழ்வார் கஜேந்திரனைச் சொல்லும்போது கையும் இருக்கிறது, மாவும் இருக்கிறது.

சரி, இரண்டாவது கேள்வி. ஹஸ்தின் அடிச்சொல், அகராதியில் அப்படித்தான் இருக்கும். ஹஸ்தீ அதன் முதல் வேற்றுமை ஒருமை. யோகின், யோகீ மாதிரிதான். நாம் யோகி என்று குறுக்கிக்கொண்டோம். ஹஸ்தினம், ஹஸ்தினா என்று அடுத்தடுத்த வேற்றுமைகளில் ‘ன்’ திரும்பி வரும், தொகைச்சொல்லில் மறுபடி போய்விடும். யானைக்கொட்டில் ஹஸ்திசாலாதான், ஹஸ்தின்சாலா அல்ல.

அப்படியானால் ஹஸ்தினாபுரத்தில் ‘ன்’ எப்படி வந்தது என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள். மகாபாரதத்தில் ஹாஸ்தினபுரம் என்ற வடிவமும் உண்டு. ‘ஹஸ்தின் என்பவனுடைய’ என்ற பொருளில் முதலெழுத்து நீண்டிருக்கிறது. அதில் ‘ன்’ தங்கிவிடும். ஊரை அமைத்த அரசனின் பெயர் ஹஸ்தீ என்கிறது ஆதிபர்வம். அதே நூல் அந்த ஊரை கஜஸாஹ்வயம், நாகஸாஹ்வயம், அதாவது யானையின் பெயரைக் கொண்ட ஊர் என்றும் பல இடங்களில் சொல்கிறது.