வேர்டிலும் ரைட்டரிலும் நமக்கென்று ஒரு பட்டன்: மேக்ரோ கேள்வி பதில்

நாகர்கோவில் வடசேரியில் தட்டச்சு வேலை செய்கிறேன். பத்திரம், கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், சபை அறிக்கை என்று காலையிலிருந்து இரவு வரை விரல் விசைப்பலகையில்தான். வேர்டையும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரையும் மேக்ரோ எழுதி நம் வேலைக்கு ஏற்ப மாற்றுவது பற்றி மாவட்டத்தின் பல பக்கங்களிலிருந்தும் கேட்டிருந்தீர்கள். மேக்ரோ என்பது செயலிக்கு நாம் எழுதிக் கொடுக்கிற கட்டளை வரிசை, அவ்வளவுதான். வேர்டில் அது விபிஏ மொழியில் இருக்கும். ரைட்டரில் பேசிக்கிலோ பைத்தானிலோ எழுதலாம்.

குழித்துறை, பத்திர எழுத்தரின் உதவியாளர்: அண்ணே, நான்கெல்லை விவரம் எழுதுத பத்தியை ஒவ்வொரு தடவையும் பழைய பத்திரத்தைத் திறந்து காப்பி பண்ணுதேன். அதுக்கு வேர்டுல மேலேயே ஒரு பட்டன் வைக்க முடியுமா?

முடியும் தம்பி. ஆனால் முதலில் அந்தப் பழைய ஃபைலைத் திறக்கிற பழக்கத்தை விட்டுவிடு. பழைய பத்திரத்தின் சர்வே எண் ஒன்று தப்பி உள்ளே நின்றுவிட்டால் பிறகு பிழைதிருத்தல் பத்திரம் எழுத வேண்டிவரும். பாதிக்கப்படுகிறவர் வீட்டை நம்பி இருக்கிற ஒரு குடும்பம்.

மாறாத பத்தி என்றால் மேக்ரோவே வேண்டாம். பெயர், எண் வருகிற இடங்களைப் புள்ளிக்கோடாக விட்டு, பத்தியைத் தேர்ந்தெடுத்து ஆல்ட்+எஃப்3 அழுத்து. ஆங்கிலத்தில் சின்னதாக ஒரு பெயர் கொடு. அடுத்த முறை அந்தப் பெயரை அடித்து எஃப்3 தட்டினால் பத்தி வந்து நிற்கும்.

பத்தி வந்ததும் எழுத்தளவு மாற வேண்டும், முதல் புள்ளிக்கோட்டில் கர்சர் போய் நிற்க வேண்டும் என்றால்தான் மேக்ரோ. வியூ, மேக்ரோஸ், ரெக்கார்ட் மேக்ரோ என்று தொடங்கி, வேலையை ஒரு தடவை செய்து காட்டி நிறுத்து. பதிவு ஓடும்போது மவுஸால் எழுத்தைத் தேர்ந்தெடுக்க விடாது, ஷிஃப்ட்டும் அம்புக்குறியும்தான். பிறகு ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன் (ரிப்பன் என்பது மேலே உள்ள பட்டன் பட்டை) போய் நியூ டேப் போடு. இடப்பக்கம் மேலே உள்ள பட்டியலில் மேக்ரோஸைத் தேர்ந்தெடுத்தால் உன் மேக்ரோ தெரியும். அதை வலப்பக்கம் சேர். ரீநேம் கொடுத்து டேபுக்குப் "பத்திரம்" என்றும் பட்டனுக்கு "நான்கெல்லை" என்றும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஐந்தாறு பட்டனுக்கு மேல் போகாதே. இருபது பட்டன் வைத்தால் மறுபடியும் தேடத்தான் வேண்டிவரும்.

தக்கலை, பள்ளி ஆசிரியை: மேக்ரோவுக்குள் தமிழ் எழுதினால் எல்லாம் கேள்விக்குறியாக மாறிவிடுகிறது, சார். எந்த ஃபாண்ட் மாற்றியும் பலனில்லை.

ஃபாண்டில் தப்பில்லை டீச்சர். ஆல்ட்+எஃப்11 அடித்தால் வருகிற விபிஏ எடிட்டருக்கு யூனிகோடு, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தருகிற முறை, தெரியாது. வேர்டு தாளில் தமிழ் அழகாக வரும். அதே வேர்டின் எடிட்டரில் வராது. எம்எஸ்ஜிபாக்ஸ், இன்புட்பாக்ஸ் என்ற சின்னப் பெட்டிகளிலும் இதே கதைதான். தமிழில் எழுதுகிற நமக்கு இது பெரிய குறை. இதில் மாட்டிப் பாதியில் மேக்ரோவை விட்டவர்கள் நிறையப் பேர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வழி இரண்டு. முதல் வழி, எழுத்தை எண்ணாகக் கொடுப்பது. யூனிகோடில் தமிழின் இடம் 2944இல் தொடங்குகிறது. சென்ட் கணக்கைச் சதுர மீட்டராக மாற்றும் பட்டன் ஒன்று வைத்திருக்கிறேன். 12 என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்து அழுத்தினால் 40.47ஆல் பெருக்கி, பக்கத்தில் 485.6 என்று போட்டு "ச.மீ." என்று முடிக்கும். அந்த "ச.மீ."க்காக மேக்ரோவில் இருப்பது ச-வுக்கு 2970, ஒரு புள்ளி, ம-வுக்கு 2990, ஈகாரக் குறிக்கு 3008, மறுபடி ஒரு புள்ளி. ஒவ்வொரு எண்ணும் சிஎச்ஆர்டபிள்யூ என்ற செயற்கூறின் அடைப்புக்குள் நிற்கும். எண் தெரியாவிட்டால் வேர்டு தாளில் எழுத்தை அடித்து உடனே ஆல்ட்+எக்ஸ் தட்டுங்கள். ச என்பது 0பி9ஏ ஆக மாறும். அது அதே 2970ஐப் பதினாறடிமான முறையில் எழுதியது.

மதிப்பெண் பட்டியலுக்கு நாலு வரிக் குறிப்பு சேர்க்க வேண்டும் என்றால் இப்படி எண் எண்ணாக எழுதி மாளாது. அதற்கு இரண்டாவது வழி: தமிழ் வாசகங்களை டெம்ப்ளேட்டில் (மாதிரி ஃபைலில்) ஆட்டோடெக்ஸ்டாக, அதாவது பெயர் வைத்துச் சேமித்த வாசகமாக, வைத்துவிடுங்கள், மேக்ரோ அதைப் பெயர் சொல்லி எடுத்துப் போடட்டும். நான் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறேன். வாசகத்தைத் திருத்த வேண்டுமென்றால் மேக்ரோவைத் தொடவே வேண்டாம்.

லிப்ரே ஆபீஸில் இந்தத் தொல்லை இல்லை. அதன் பேசிக் எடிட்டரில் மேற்கோள்குறிக்குள் தமிழை நேராகவே அடிக்கலாம்.

குளச்சல், கல்லூரி மாணவர்: ஃபோன்ல உள்ள வேர்டுல மேக்ரோ ஓடுமா அண்ணே?

ஓடாது மக்கா. உலாவியில் திறக்கிற வேர்டிலும் ஓடாது.

மார்த்தாண்டம், டிடிபி கடை: புது கம்ப்யூட்டர் வாங்கினேன். நார்மல்.டாட்எம் ஃபைலைக் காப்பி பண்ணிப் போட்டா எல்லாம் வந்துரும்னு சொன்னாங்கல்லா? மேக்ரோ வந்துச்சு, பட்டன் ஒண்ணைக்கூடக் காணல.

சொன்னவர் பாதி சரி. மேக்ரோவும் விசைச் சுருக்கும் வேர்டின் அடிப்படை டெம்ப்ளேட்டான நார்மல்.டாட்எம்மில் இருக்கும். ரிப்பன் பட்டன் இருப்பது வேறு இடம்: வேர்டு.ஆபீஸ்யுஐ என்ற தனி ஃபைல். பழைய கம்ப்யூட்டரில் கஸ்டமைஸ் ரிப்பன் பக்கத்தின் அடியில் இம்போர்ட்/எக்ஸ்போர்ட் இருக்கிறது. எக்ஸ்போர்ட் செய்து வருகிற ஃபைலைப் புதியதில் இம்போர்ட் செய்யுங்கள், பட்டன்கள் வந்துவிடும். புதியதில் ஏற்கனவே ஏதாவது மாற்றி வைத்திருந்தால் அது போய்விடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இன்னொன்று. பட்டன் மேக்ரோவைத் தேடுவது முழு விலாசத்தை வைத்து: எந்த டெம்ப்ளேட், எந்த மாட்யூல் (மேக்ரோக்களை எழுதி வைக்கிற பிரிவு), என்ன பெயர். ஒரு தடவை மேக்ரோக்களை ஒழுங்குபடுத்துகிறேன் என்று மாட்யூல் பெயரை மாற்றினேன். மறுநாள் காலை பதிவுக்குப் போக வேண்டிய பத்திரத்தோடு ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறார். எந்தப் பட்டனை அழுத்தினாலும் மேக்ரோ இல்லை என்றே வந்தது. கையால் அடித்துக் கொடுத்து அனுப்பினேன். அதன்பின் பெயரை மாற்றினால் பட்டனையும் உடனே நீக்கிப் புதிதாகச் சேர்த்துவிடுவேன்.

கடையில் மூன்று நாலு கம்ப்யூட்டர் இருந்தால் நார்மலை நம்பாதீர்கள். தனியாக ஒரு டாட்எம் டெம்ப்ளேட் செய்து மேக்ரோவை அதில் வையுங்கள். ரிப்பன் எக்ஸ்எம்எல் என்ற சிறு விவரத்தையும் அதற்குள்ளேயே சேர்த்து, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் வேர்டின் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் போட்டால் வேர்டு திறக்கும்போதே டேப் வந்து நிற்கும். திருத்தம் வந்தால் அந்த ஒரு ஃபைலைத் திருத்தி எல்லாக் கம்ப்யூட்டரிலும் மாற்றிப் போட்டால் போதும்.

தோவாளை, பூ மொத்த வியாபாரக் கணக்கர்: லிப்ரே ஆபீஸில் டூல்பார் செய்தேன். செய்த ஃபைலில் வேலை செய்கிறது, வேறு ஃபைலில் இல்லை. ஏன் சார்?

டூல்ஸ், கஸ்டமைஸ் பெட்டியில் ஸ்கோப் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் உங்கள் ஃபைலின் பெயர் இருந்தால் டூல்பார் அந்த ஃபைலோடு மட்டும்தான். லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்று மாற்றிவிட்டுச் செய்யுங்கள். மேக்ரோவும் மை மேக்ரோஸ் என்பதற்குள் இருக்க வேண்டும். பட்டன் ரைட்டரிலும் மேக்ரோ ஃபைலிலும் இருந்தால் பட்டன் தெரியும், அழுத்தினால் பிழை வரும்.

லிப்ரே ஆபீஸில் மேக்ரோவைப் பதிவு செய்கிற மெனு தெரியவில்லை என்று இன்னும் இருவர் கேட்டிருந்தார்கள். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பக்கத்தில் மேக்ரோ ரெக்கார்டிங்கை டிக் செய்தால்தான் அது தெரியும்.

கருங்கல், பங்கு மடல் தயாரிப்பவர்: பத்து வருட மடல்கள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. யூனிகோடாக மாற்ற ஒரு பட்டன் வைக்க முடியுமா?

வைக்கலாம், நல்ல காரியம். ஊரில் யார் எந்த ஆண்டு என்ன கட்டினார்கள் என்பதெல்லாம் அந்த மடல்களில்தான் இருக்கும். யூனிகோடுக்கு வந்தால்தான் தேடிப் பிடிக்க முடியும். மூன்று இடங்களில் கவனம் தேவை.

பாமினி, ஆங்கில எழுத்துகளையே தமிழ் உருவில் காட்டுகிற பழைய எழுத்துரு. அதில் "கொ" என்பது என், எஃப், எச் என்ற மூன்று ஆங்கில எழுத்து. கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில், குறி பின்னால். ஆகவே மாற்றும்போது நீளமானதிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் மூன்றெழுத்துக் கூட்டம், பிறகு இரண்டு, கடைசியில் தனி எழுத்து. தனி எஃப்பை முதலில் க ஆக்கிவிட்டால் கொம்பு எழுத்தின் முன்னால் அநாதையாக நின்றுவிடும்.

அடுத்து, சின்ன என் என்றால் ஒற்றைக் கொம்பு, பெரிய என் என்றால் இரட்டைக் கொம்பு. வேர்டின் தேடலில் மேட்ச் கேஸை (பெரிய, சின்ன ஆங்கில எழுத்தைப் பிரித்துப் பார்ப்பது) இயக்காவிட்டால் "கெ"யும் "கே"யும் ஒன்றாகிவிடும்.

மூன்றாவது, தேடலில் எழுத்துரு பாமினி என்ற நிபந்தனையைக் கட்டாயம் கொடுங்கள். இல்லாவிட்டால் மடலில் ஆங்கிலத்தில் உள்ள முகவரியும் தமிழ் எழுத்துக் குப்பையாக மாறிவிடும்.

வேர்டு 2010 முதல் அன்டூரெக்கார்ட் என்ற வசதி உண்டு. மேக்ரோவின் தொடக்கத்திலும் முடிவிலும் அதைச் சேர்த்தால், நூற்றுக்கணக்கான மாற்றமும் ஒரே கன்ட்ரோல்+இசட்டில் திரும்பிவிடும். அப்படியிருந்தாலும் பிரதி எடுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இரணியல், வழக்கறிஞர் அலுவலகம்: நண்பர் அனுப்பிய டெம்ப்ளேட்டைத் திறந்தால் சிவப்புப் பட்டை வந்து மேக்ரோவைத் தடுக்கிறது. வைரஸா?

வைரஸ்தான் என்று பொருள் இல்லை. இணையம் வழியாக இறங்கிய ஃபைலில் உள்ள மேக்ரோவை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்கிறது. அது தேவையான தடுப்பு: 1999இல் மெலிசா என்ற வேர்டு மேக்ரோ, திறந்தவரின் முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்குத் தன்னைத்தானே மெயிலில் அனுப்பிப் பரவியது. நண்பரிடம் ஃபோனில் கேட்டு, அவர் அனுப்பியதுதான் என்று உறுதி செய்யுங்கள். பிறகு ஃபைலின் மேல் வலது க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், அன்பிளாக். எல்லா மேக்ரோவையும் அனுமதிக்கும்படி அமைப்பையே தளர்த்திவிடாதீர்கள். கட்சிக்காரர்களின் ஆவணங்கள் உள்ள கம்ப்யூட்டர் அது.

நாகர்கோவில், தட்டச்சர்: அண்ணாச்சி, மேலே சின்ன டூல்பார்ல வச்ச முதல் பட்டனுக்கு ஆல்ட்+1னு சொன்னாங்க. நான் அடிச்சா விசைப்பலகை மாறுது.

என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலி வைத்திருப்பாய் தங்கச்சி. அதுவும் ஆல்ட்டோடு எண்ணைச் சேர்த்துத்தான் விசைப்பலகையை மாற்றும். ஆல்ட்டை அழுத்தி விட்டுவிடு, பிறகு தனியாக 1 தட்டு. வேர்டு எடுத்துக்கொள்ளும்.

திருவட்டாறு, தன்னார்வ நூலகர்: நாங்கள் கூகுள் டாக்ஸில்தான் எழுதுகிறோம். அதில் மெனு சேர்க்க வழி உண்டா?

உண்டு. எக்ஸ்டென்ஷன்ஸ், ஆப்ஸ் ஸ்கிரிப்ட் போங்கள். ஜாவாஸ்கிரிப்டில் ஆன்ஓப்பன் என்ற பெயரில் எழுதும் செயற்கூறு, ஆவணம் திறக்கும்போது தானே ஓடும்; அதில் கிரியேட்மெனு கொடுத்தால் மேலே உங்கள் மெனு வரும். தமிழ்ப் பெயரை அப்படியே எழுதலாம். ஆவணத்தைத் திருத்தும் உரிமை உள்ளவர்களுக்கு, கணினி உலாவியில் மட்டும் தெரியும்.

அகஸ்தீஸ்வரம், பெயர் வேண்டாம் என்றவர்: ஏதோ மாற்றப்போய் வேர்டு திறக்கவே மறுக்கிறது. எல்லாம் போச்சா?

ஒன்றும் போகவில்லை. கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டே வேர்டைத் திறந்தால் சேஃப் மோடில், அதாவது நாம் சேர்த்தவை இல்லாமல், வரும். வேர்டை மூடிவிட்டு நார்மல்.டாட்எம்முக்கு வேறு பெயர் கொடுங்கள், அழிக்க வேண்டாம். அடுத்து திறக்கும்போது வேர்டு புதியதை உண்டாக்கிக்கொள்ளும். ஆல்ட்+எஃப்8, ஆர்கனைசர் வழியாகப் பழைய ஃபைலிலிருந்து மேக்ரோ மாட்யூல்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, ஒவ்வொரு தடவையும் வேர்டை மூடித் திறந்து பாருங்கள். எதைச் சேர்த்ததும் மறுபடி மறுக்கிறதோ அதில்தான் கோளாறு. அந்த மாட்யூலை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.