சார்ஜருக்கு எந்தப் பவர் சப்ளை? – கேள்வி பதில்

ரிமோட் விமானம், கார், ட்ரோன் வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) சார்ஜர்கள் பலவற்றைச் சுவர் பிளக்கில் நேரடியாகச் செருக முடியாது. 12 அல்லது 24 வோல்ட் டிசி தரும் பவர் சப்ளையைத் தனியாக வாங்கியாக வேண்டும். அதைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

மதுரை: என்னிடம் 6 செல், 5 ஆம்பியர் அவர் பேட்டரிகள் நான்கு. சார்ஜரின் மேல் 200 வாட் என்று போட்டிருக்கிறது. எத்தனை ஆம்பியர் பவர் சப்ளை வாங்க வேண்டும்?

கணக்கைப் பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். ஒரு செல் நிரம்பும்போது 4.2 வோல்ட், ஆறு செல்லுக்கு 25.2. அதை 5 ஆம்பியரில், அதாவது 1 சி வேகத்தில் (ஆம்பியர் அவர் எண் எவ்வளவோ அவ்வளவு ஆம்பியரில்) ஏற்றினால் 126 வாட். சார்ஜர் தன் பங்குக்கு ஏறக்குறைய ஆறில் ஒரு பாகத்தைச் சூடாக்கி வீணடிக்கும். ஆகவே உள்ளே 150 வாட் போக வேண்டும். 12 வோல்ட் என்றால் அது 12.5 ஆம்பியர், 24 வோல்ட் என்றால் 6.25 போதும்.

நாளைக்கு 200 வாட்டையும் முழுதாகப் பயன்படுத்த நினைத்தால் உள்ளே 240 வாட் தேவை. பவர் சப்ளையை அதன் எல்லைவரை ஓட்டக் கூடாது, நம் ஊர் வெயிலில் கூடவே கூடாது. கால் பங்கு கூட்டி 300 வாட்டுக்கு மேல் வாங்குங்கள். உங்கள் சார்ஜர் 24 வோல்ட்டை ஏற்குமானால் 24-தான் நல்லது. அதே வாட்டுக்கு ஆம்பியர் பாதியாகும், வயரில் எழும் சூடு கால் பங்காகும். பல சார்ஜர்கள் 12 வோல்ட்டில் தங்கள் முழு வாட்டையும் தருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

சேலம்: என் சார்ஜரில் உள்ளீடு 11–18 வோல்ட் என்று இருக்கிறது. 24 கொடுத்தால் சீக்கிரம் ஏறுமா?

ஏறாது. சார்ஜர் எரிந்துபோகும்.

சென்னை: ரிச்சி தெருவில் 12 வோல்ட் 30 ஆம்பியர், ஓட்டை போட்ட தகரப் பெட்டி, எல்ஈடி பட்டைகளுக்கு விற்கிறார்கள். விலை மிகவும் குறைவு. வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் 30 ஆம்பியர் என்ற எழுத்தை நம்பி 30 எடுக்காதீர்கள். பெயர் தெரியாத தயாரிப்பு என்றால் பாதிக்கு மேல் நான் எடுப்பதில்லை.

முக்கியமானது வேறு ஒன்று. இந்த வகைப் பெட்டிகள் பலவற்றில் பக்கவாட்டு ஓட்டை வழியே ஒரு சின்னச் சிவப்பு ஸ்விட்ச் தெரியும்; 115, 230 என்று எழுதியிருக்கும். நம்பகமான நிறுவனமான மீன்வெல்லின் 350 வாட் எல்ஆர்எஸ் வரிசையிலும் அது உண்டு. நம் ஊரில் 230-இல் இருக்க வேண்டும். நான் வாங்கிய ஒன்று 115-இல் வைத்தே வந்திருந்தது. பார்க்காமல் பிளக்கில் செருகினேன். பட்டாசு போல ஒரு வெடி, வெள்ளைப் புகை, உள்ளே பெரிய கெபாசிட்டரின் தலை பிளந்து, காகிதச் சுருள் வெளியே வந்து கிடந்தது. முகத்தை அருகில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். ஸ்விட்சைப் பார்த்த பிறகே பிளக்கைத் தொடுங்கள்.

பேஸ், நியூட்ரல் முடுக்கும் திருகுகளும் இதில் வெளியே தெரியும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் மேலே ஒரு மூடி கட்டாயம். எர்த் திருகை வெறுமனே விட்டுவிடாதீர்கள்.

டொரன்டோ: சென்னையில் வாங்கிய பவர் சப்ளையை இங்கே கொண்டுவந்தேன். வேலை செய்யவில்லை.

அங்கே 120 வோல்ட். மேலே சொன்ன ஸ்விட்ச் இருந்தால் 115-க்கு மாற்றுங்கள். ஊருக்குத் திரும்பக் கொண்டுவரும்போது மறக்காமல் 230-க்கு மாற்றுங்கள். அந்தத் திசையில் மறந்தால்தான் வெடிக்கும்.

கோவை: பழைய சர்வர் பவர் சப்ளை இரண்டு கிடைத்தது, ஒவ்வொன்றும் 12 வோல்ட் 47 ஆம்பியர். தொடராக இணைத்து 24 ஆக்கப் பார்த்தேன். பொறி பறந்து இரண்டும் அணைந்துவிட்டன. ஒன்றின் எர்த் கம்பியை வெட்டிவிட்டால் சரியாகும் என்கிறார் நண்பர்.

வெட்டாதீர்கள். பொறி ஏன் பறந்தது என்று பார்ப்போம். சர்வர் பவர் சப்ளையில் டிசி மைனஸ் உள்ளேயே இரும்புப் பெட்டியோடு சேர்ந்திருக்கும். பெட்டி எர்த்தோடு சேர்ந்திருக்கும். இரண்டையும் தொடராக இணைத்தால் மேலே உள்ளதன் மைனஸ், கீழே உள்ளதன் பிளஸ்ஸைத் தொடுகிறது. இரு மைனஸும் எர்த் வழியே ஏற்கெனவே ஒன்று என்பதால் கீழே உள்ளது நேராக ஷார்ட் ஆகிறது.

எர்த்தை வெட்டினால் ஷார்ட் போய்விடும், உண்மைதான். ஆனால் உள்ளே வடிகட்டிச் சுற்றில் பேஸிலிருந்து பெட்டிக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து பெட்டிக்கு ஒன்று என இரண்டு சிறிய கெபாசிட்டர்கள் இருக்கின்றன. எர்த் இல்லாத பெட்டி இவற்றுக்கு நடுவே தொங்கி, ஏறக்குறைய 115 வோல்ட்டில் நிற்கும். அப்படி வெட்டிய ஒன்றின் மேல் டெஸ்டரை வைத்துப் பார்த்திருக்கிறேன், விளக்கு எரிந்தது. புறங்கையால் தடவினால் எறும்பு ஊர்வது போல இருந்தது. உள்ளே ஒரு இன்சுலேஷன் போய்விட்டால் அதே பெட்டியில் முழு 230 நிற்கும்.

திருப்பூர்: மூன்று வருடமாக எர்த் இல்லாமல்தான் ஓட்டுகிறேன். ஒன்றும் ஆகவில்லை. வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

மூன்று வருடமாக இன்சுலேஷன் போகவில்லை, அவ்வளவுதான் அதற்குப் பொருள். எர்த் இருந்தால், போகிற அன்று எம்சிபி (மீட்டர் பெட்டியில் கரண்ட் மிஞ்சினால் தானே அணையும் ஸ்விட்ச்) விழும். இல்லாவிட்டால் பெட்டி அமைதியாகக் காத்திருக்கும். மைதானத்தில் ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று அதை நகர்த்துபவர் நீங்களாக இருக்கலாம், உங்கள் மகனாகவும் இருக்கலாம்.

திருப்பூர்: வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் தானே அணையும் ஸ்விட்ச், போட்டிருக்கிறேனே?

நல்லது, அதை எல்லோரும் போட வேண்டும். ஆனால் எர்த் இருந்தால் கசிவு எர்த் வழியே போய், யாரும் தொடுவதற்கு முன்பே ஆர்சிசிபி விழும். எர்த் இல்லாதபோது கசிவுக்கு உங்கள் உடல்தான் பாதை. நீங்கள் தொட்ட பிறகே விழும். மைதானத்து ஜெனரேட்டரில் அதுவும் இருக்காது.

ஈரோடு: நான் எலக்ட்ரீஷியன். எர்த்தை அப்படியே வைத்து, மேலே உள்ளதன் டிசி மைனஸைப் பெட்டியிலிருந்து நைலான் வாஷர் போட்டுப் பிரிப்பதுதானே முறை?

அதுதான் முறை, ஐயா. ஆனால் அதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே உள்ள கெபாசிட்டரில் 400 வோல்ட் அளவுக்கு டிசி, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கும். உங்களைப் போன்றவர் செய்யலாம். கோவை நண்பருக்கு நான் சொல்வது: 24 வேண்டுமானால் 24 வோல்ட் பவர் சப்ளையையே வாங்குங்கள்.

தஞ்சாவூர்: 4 செல், 2.2 ஆம்பியர் அவர். எத்தனை ஆம்பியர் பவர் சப்ளை?

மதுரை நண்பருக்கு எழுதிய கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

நெல்லை: 3 செல் பேட்டரிக்கு எத்தனை ஆம்பியர்?

அதே கணக்கு. ஒரு செல்லுக்கு 4.2.

வேலூர்: பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளை சும்மா கிடக்கிறது.

பச்சை வயரைக் கறுப்போடு சேர்த்தால் ஓடும். மொத்த வாட்டைப் பார்க்காமல், லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே உள்ள ஆம்பியரைப் பாருங்கள். பழையவற்றில் 5 வோல்ட் பக்கம் சுமை இல்லாவிட்டால் 12 இறங்கிவிடும்; சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். மஞ்சள் வயர் ஒன்றில் மட்டும் எல்லாக் கரண்டையும் இழுக்காமல் நான்கைந்தைச் சேர்த்து முறுக்குங்கள்.

கொழும்பு: லேப்டாப் சார்ஜர், 19 வோல்ட் 4.74 ஆம்பியர்?

90 வாட். உங்கள் லிப்போ சார்ஜரின் உள்ளீட்டு எல்லை 19-க்கு மேல் இருந்தால் சிறிய பேட்டரிகளுக்கு அருமையானது. 18 என்று எழுதியிருந்தால் வேண்டாம்.

திருச்சி: மைதானத்தில் மின்சாரம் இல்லை. வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர் அவர் பேட்டரியை எடுத்துப் போகலாமா?

போகலாம், தூக்க ஆள் இருந்தால். 12 வோல்ட்டில் அது 1800 வாட் அவர். பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். மதுரை நண்பருடையது போன்ற பேட்டரி ஒன்றுக்கு ஏறக்குறைய 130 வாட் அவர் போகும்; ஆக ஆறேழு முறை ஏற்றலாம். வயர் ஒல்லியாக இருந்தால் சார்ஜர் 11 வோல்ட்டுக்குக் கீழே கண்டு நின்றுவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரிலேயே ஒரு மீட்டர் தூரத்துக்குப் போக வர, 20 ஆம்பியரில் 0.3 வோல்ட் போய்விடுகிறது.

சில சார்ஜர்களில் லிப்போவைக் காலி செய்யும்போது அந்த மின்சாரத்தை உள்ளீட்டுக்கே திருப்பி அனுப்பும் வசதி உண்டு. இன்வெர்ட்டர் பேட்டரி போன்ற லெட் ஆசிட் பேட்டரிக்கு அது சரி. பவர் சப்ளையோடு இணைத்திருக்கும்போது அதை இயக்கவே கூடாது. போக இடமில்லாமல் வோல்டேஜ் ஏறி ஏதாவது ஒன்று போய்விடும்.

நாகர்கோவில்: பேட்டரி உப்பியிருக்கிறது. பவர் சப்ளை காரணமா?

பவர் சப்ளை காரணமில்லை. அதை இனி சார்ஜ் செய்யாதீர்கள்.

கடலூர்: இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கலாமா?

கூடாது. எந்தப் பவர் சப்ளையாக இருந்தாலும் கூடாது.

கோவை: சரி, 24 வோல்ட்டே வாங்கிக்கொள்கிறேன். இந்த இரண்டையும் என்ன செய்வது?

தனித்தனியாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு 12 வோல்ட் சார்ஜரை ஓட்டுங்கள். நல்ல சாமான்கள் அவை, வீணாக்க வேண்டாம். மூன்று பின் பிளக், 16 ஆம்பியர் சாக்கெட். எர்த் பின்னில் டெஸ்டரை வைக்காமல், மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.