ஏழு மணிப் பசி

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புதிதாகக் கல்யாணமானவர்கள் எழுதியவை. எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றுதான்: இரண்டு சம்பளம் வருகிறது, எங்கே போகிறது? அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அவர்களுக்கே. நான் பொருளாதாரம் படித்தவள் இல்லை என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஒரு பெரிய உணவகச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷம் கொள்முதல் கணக்கு எழுதினேன். எத்தனை கிலோ உள்ளே வந்தது, எத்தனை கிலோ தட்டுக்குப் போனது, எத்தனை கிலோ குப்பைக்குப் போனது. என் படிப்பு அவ்வளவுதான்.

*அக்கா, கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. இருவரும் வேலைக்குப் போகிறோம். ஆடம்பரம் என்று எதுவும் இல்லை. ஆனாலும் இருபதாம் தேதிக்குள் கை காலியாகிவிடுகிறது. கூட்டிப் பார்த்தால் சாப்பாடும் ஊர்சுற்றலும்தான் பெரிய தொகையாக நிற்கின்றன. எதை முதலில் நிறுத்துவது?*
*– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி*

முதலில் ஒரு ஆறுதல். எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857-லேயே எழுதிவிட்டார்: வருமானம் குறைவாக இருக்கும் வீட்டில் அதில் பெரிய பங்கு சாப்பாட்டுக்குப் போகும், வருமானம் கூடக்கூட அந்தப் பங்கு குறையும் என்று. ஆரம்பச் சம்பளக்காரர்கள் கணக்கில் சாப்பாடு பெரிதாகத் தெரிவது இயல்புதான். அதற்காக ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் மாதம் எதையும் நிறுத்தாதீர்கள். எழுதி மட்டும் வையுங்கள். ஆனால் தொகையோடு கிழமையையும் நேரத்தையும் எழுதுங்கள். தொகையை எல்லாரும் எழுதுகிறார்கள், நேரத்தை யாரும் எழுதுவதில்லை. அப்படி எழுதிப் பார்த்து எனக்கு அனுப்பியவர்களின் தாள்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரே நேரம்: வேலைநாள், மாலை ஏழு முதல் எட்டரை வரை.

அப்போது வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். "என்ன சாப்பிடலாம்?" "நீயே சொல்லு." "எனக்கு எதுன்னாலும் சரி." "எதுன்னாலும்னா?" இப்படியே கால் மணி நேரம் போகும். பிறகு யாராவது ஒருவர் கைபேசியை எடுப்பார். சாப்பாட்டு விலையோடு கொண்டுவருகிற கூலி, பெட்டிக்கான கூலி எல்லாம் சேர்ந்து வரும். வந்து சேரும்போது ஆறிப்போயிருக்கும். பசியில் விழுங்கிவிட்டுத் தூங்கப் போவீர்கள். மறுவாரம் கேட்டால் அன்றைக்கு என்ன சாப்பிட்டோம் என்பது இருவருக்கும் நினைவிருக்காது. இந்தச் செலவைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். இரண்டு பேரும் ஆசைப்பட்டு, உடுத்திக்கொண்டு போய், சிரித்துப் பேசிச் சாப்பிட்டு வந்த சனிக்கிழமைச் செலவின் மேல் கை வைக்காதீர்கள். அது போன வழி தெரிகிற பணம்.

சரி, எப்படிப் பிடிப்பது? காலையில் காபி குடிக்கும்போதே ராத்திரிச் சாப்பாட்டை முடிவு செய்துவிடுங்கள். அரை நிமிஷ வேலை. அதோடு வீட்டில் இரண்டு 'அவசரச் சாப்பாடு' எப்போதும் இருக்கட்டும். பத்து நிமிஷத்தில் ஆகிவிடுகிற மாதிரி, பொருள் சீக்கிரம் கெட்டுப்போகாத மாதிரி. முட்டையும் ரொட்டியும் இருக்கலாம், காய்ந்த நூடுல்ஸோடு உறைந்த பட்டாணி இருக்கலாம், எது உங்களுக்கு ஒத்துவருமோ அது. ருசியில் அவை உணவகத்தை ஜெயிக்க வேண்டியதில்லை, உங்கள் அலுப்பை ஜெயித்தால் போதும். அந்தப் பொருள்களைத் தனி டப்பாவில் வைத்து, எடுத்த வாரமே திரும்ப நிரப்பிவிடுங்கள். இதில் மட்டும் நான் கண்டிப்பானவள்.

இன்னொரு ஓட்டை குளிர்பெட்டியின் அடி அறை. இது என் கதை. கல்யாணத்துக்கு முன்னால் ஆறு பேர் இருந்த வீட்டில் சமைத்துப் பழகிய கை எனக்கு. தனிக்குடித்தனம் வந்த பிறகும் அந்தக் கை ஆறு பேருக்கே வாங்கியது. கீரை மலிவாகக் கிடைத்தால் மூன்று கட்டு. முதல் கட்டு அன்றே சமையலாகும். இரண்டாவது மஞ்சளாகும். மூன்றாவது பிளாஸ்டிக் பைக்குள்ளேயே கரும்பச்சைத் தண்ணீராகிவிடும். பையைத் தூக்கினால் சொட்டும். ஒரு மாதம், கெட்டுப்போனதை எல்லாம் தராசில் வைத்து எழுதினேன், அலுவலகத்தில் செய்வதைப் போலவே. மாதக் கடைசியில் கூட்டினேன். வாங்கிய காய்கறியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. வேலை செய்த இடத்தில் அந்தக் கணக்கைக் காட்டியிருந்தால் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்!

நான் மட்டும் இல்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-ல் உலகம் முழுவதும் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. ஆளுக்கு வருஷத்தில் 79 கிலோ என்று கணக்கு வருகிறது. இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள்.

இரண்டு பேருக்கு வாங்குவது ஒரு தனிக் கலை. வாரத்துக்கு ஒருமுறை பெரிய பை என்பதை விட்டுவிட்டு, சீக்கிரம் வாடுகிற இலைகளை இரண்டு நாளைக்கு மட்டும் வாங்குங்கள். கேரட், முட்டைக்கோஸ் மாதிரிப் பொறுமைசாலிகளை வாரக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். ஆப்பிள், வாழைப்பழம் பக்கத்தில் கீரை வைக்காதீர்கள். பழுக்கிற பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும், பக்கத்தில் இருக்கிற இலை சீக்கிரம் மஞ்சளாகும். என் இரண்டாவது கட்டு கெட்டதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

*ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் சமைத்து வைத்துவிடலாம் என்று நான் சொல்கிறேன். கணவர் பழையதைத் தொட மாட்டேன் என்கிறார். யார் சொல்வது சரி?*

இந்த ஒரு தடவை உங்கள் கணவர் பக்கம் சாய்கிறேன். ஒரே குழம்பை மூன்றாவது நாள் பார்க்கும்போது யாருக்குமே கை தானாகக் கைபேசிக்குப் போகும். அப்புறம் சமைத்ததும் குப்பைக்கு, வெளியில் வாங்கியதும் செலவுக்கு.

வாரத்துக்கும் சமைக்காதீர்கள், இரட்டிப்பாகச் சமையுங்கள். பாதியை இன்று சாப்பிட்டு, மீதியை அன்றே உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். மூடியில் தேதி எழுதி ஒட்டுங்கள். தேதி இல்லாத டப்பாவை எந்தக் கணவரும் தைரியமாகத் திறக்க மாட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு வாரம் இப்படிச் செய்தால் உள்ளே நாலைந்து விதமான சாப்பாடு சேர்ந்திருக்கும். நறுக்கியது, வேகவைத்தது என்று பாதி வேலை முடிந்த பொருள்களாக வைப்பது இன்னும் நல்லது. தாளிப்பை அன்றன்று மாற்றிக்கொள்ளலாம்.

பத்திரமாக வைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வயிறு கெட்டால் மிச்சம் பிடித்ததெல்லாம் மருந்துக்குப் போகும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விடக் கூடாது, குளிர்பெட்டிக்குள் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. உறைபெட்டி மைனஸ் 18. முக்கியமாகச் சோறு. அதில் பசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைத்தூள் இருக்கலாம். கொதிக்க வைத்தாலும் அது சாகாது. சோறு வெளியிலேயே கிடந்தால் முளைத்து நஞ்சு சுரக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. 'சூடு பண்ணிட்டேனே' என்று நினைக்காதீர்கள். மீந்த சோற்றைப் பானையோடு வைக்காமல் அகலமான தட்டையான டப்பாவில் பரப்பினால் சீக்கிரம் ஆறும், சீக்கிரம் உள்ளே வைக்கலாம்.

*எனக்குச் செலவு செய்யக் கை வராது. மனைவிக்குக் கை நிற்காது. சினிமாவுக்குப் போனால்கூட இடைவேளையில் சண்டை.*

தம்பி, உங்களைப் போலப் பலர். ஸ்காட் ரிக்கும் அவருடைய சகாக்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் பார்த்தார்கள்: கை இறுக்கமானவர்களும் கை தாராளமானவர்களும் ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்துக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், வித்தியாசம் பெரிதாக இருந்தால் பணச் சண்டையும் கூடுகிறது. உங்களிடம் இல்லாத குணம் என்றுதானே முதலில் அவரைப் பிடித்தது?

மாத ஆரம்பத்திலேயே இருவருக்கும் சமமாக ஒரு தொகை ஒதுக்கிவிடுங்கள். அதை எப்படிச் செலவு செய்தார் என்று மற்றவர் கேட்கக் கூடாது. அவர் இடைவேளையில் மூன்று தின்பண்டம் வாங்கலாம். நீங்கள் அதை அப்படியே மடித்து வைத்துக்கொள்ளலாம். கேட்காமல் இருப்பதுதான் கஷ்டம், முக்கியமாக உங்களுக்கு. முகத்தைக்கூடக் காட்டக் கூடாது.

*மாதச் சந்தாவில் படம் பார்க்கிற சேவைகள் நாலைந்து வைத்திருக்கிறோம். தனித்தனியாகப் பார்த்தால் சின்னத் தொகைதானே?*

தனித்தனியாக. சரி, கூட்டிப் பாருங்கள்.

அமெரிக்காவில் உடற்பயிற்சிக் கூடங்களின் வருகைப் பதிவை வைத்து 2006-ல் ஒரு ஆய்வு வந்தது. மாதச் சந்தா கட்டியவர்களில் பெரும்பாலோர், போன நாளுக்கு மட்டும் கட்டணம் கட்டியிருந்தால் அதைவிடக் குறைவாகவே செலவழித்திருப்பார்கள். படச் சந்தாவிலும் இப்படித்தான் ஏமாறுகிறோம். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் வையுங்கள், அதில் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்து நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நிறுத்துகிற தேதியை, சேர்ந்த அன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

*வெளியே போவதைக் குறைத்ததிலிருந்து வீடு உம்மென்று இருக்கிறது. இரண்டு பேரும் ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். காசு மிச்சம், சந்தோஷம் நஷ்டம்.*

நியாயமான புகார். செலவைக் குறைக்கச் சொல்கிறவர்கள் அந்த இடத்தில் எதை வைப்பது என்று சொல்வதே இல்லை. நானும் முன்பு இந்தப் பக்கத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

ஆர்தர் ஆரன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 2000-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தம்பதிகளை ஒரு கூடத்துக்கு அழைத்து, மணிக்கட்டும் கணுக்காலும் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொள்கிற மாதிரிப் பட்டையால் கட்டினார்கள். நடுவில் ஒரு உருளைத் தலையணை. அதைக் கையாலும் பிடிக்கக் கூடாது, பல்லாலும் பிடிக்கக் கூடாது, கீழே விடாமல் தவழ்ந்து ஒரு தடுப்பைத் தாண்டி வர வேண்டும். மொத்தம் ஏழு நிமிஷம். வேறு சில தம்பதிகளுக்குச் சும்மா பந்தை உருட்டுகிற சலிப்பான வேலை. முடிந்த பிறகு, தவழ்ந்தவர்கள்தான் தங்கள் துணையைப் பற்றி முன்பைவிட நல்லபடியாகச் சொன்னார்கள். தலையணைக்கு என்ன செலவு?

புதிதாக, கொஞ்சம் அசட்டுத்தனமாக, இரண்டு பேருமே தெரியாதவர்களாக நிற்கிற எதுவும் நடக்கும். இதுவரை ஏறாத பேருந்தில் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்புங்கள். நூலகத்தில் அவருக்கு ஒரு புத்தகத்தை நீங்களும் உங்களுக்கு ஒன்றை அவரும் எடுங்கள். இருவருக்குமே தெரியாத ஒரு சமையலைச் செய்து கெடுங்கள். நாங்கள் ஒரு தடவை மின்வெட்டு நேரத்தில் சீட்டாடக் கற்றுக்கொண்டோம். விதிகளைப் பாதிக்குப் பாதி தப்பாகப் புரிந்துகொண்டு ஆறு மாதம் அப்படியே ஆடினோம். ஒரு நண்பர் வந்து சரியான விதியைச் சொன்ன பிறகு ஆட்டமே பிடிக்கவில்லை.

*நண்பர்கள் கூட்டம் வாராவாரம் வெளியில் கூடுகிறது. எல்லாரும் ஆர்டர் செய்து கடைசியில் சமமாகப் பிரிப்பார்கள். நாங்கள் குறைவாகத்தான் சாப்பிடுகிறோம். எப்படிச் சொல்வது?*

சொல்ல வேண்டாம், முந்திக்கொள்ளுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை "இந்தத் தடவை எங்க வீட்டுல, ஆளுக்கொன்று கொண்டுவாங்க" என்று நீங்களே அழைத்துவிடுங்கள். நடுவில் ஒரு வாரம் சாப்பாடு முடிந்த பிறகு போய்ச் சேருங்கள். அரட்டை எப்படியும் அதற்கப்புறம்தான் சூடுபிடிக்கும். நெருங்கியவர் ஒருவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லலாம். 'நானும் அதையேதான் நினைத்தேன்' என்று அவர் சொல்ல வாய்ப்பு உண்டு.

*கடைசியாக ஒரு கேள்வி அக்கா, கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? உங்கள் வீட்டில் இதெல்லாம் நடக்கிறதா?*

நேற்று ராத்திரி ஏழேகால். நான் இந்தப் பதில்களை எழுதிக்கொண்டிருந்தேன். அவர் வந்து, "என்ன சாப்பிடலாம்?" என்றார். "எதுன்னாலும் சரி" என்றேன். ஒரு நிமிஷம் மேஜையில் கிடந்த தாளை எட்டிப் பார்த்தார். பேசாமல் உள்ளே போய் அவசரச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். காலியாக இருந்தது.

வெளியில்தான் வாங்கினோம்.