போட்டோ ஷூட்டுக்கு நக டிசைனை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் படம் எடுப்பது?

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஒரு மாடலுக்கு ஒரு நாள் ஷூட். காலையில் மாந்தோப்பில் பட்டுப்புடவை, மதியம் வீட்டுக்குள் நகையும் கை குளோசப்பும். இருப்பது 50 எம்எம் லென்ஸோடு ஒரு கேமராவும் ஒரு ஃபோனும். நகத்துக்கு என்ன டிசைன் போடலாம்?

டிசைனைப் பிறகு பார்ப்போம். நகம் படத்தில் எவ்வளவு பெரிதாக விழப்போகிறது என்பதை முதலில் கணக்குப் போடுங்கள். இன்ஸ்டாகிராமில் வழக்கமாகப் போடும் நெடுக்குப் படம் 1080க்கு 1350 பிக்சல். தலை முதல் கால் வரை எடுத்தால் அந்த 1350 பிக்சலுக்குள் சுமார் 180 செ.மீ. உயரம் அடங்க வேண்டும். அதாவது ஒரு செ.மீ.க்கு ஏழெட்டு பிக்சல். நகம் 1.2 செ.மீ. நீளம் என்றால் அதற்குக் கிடைப்பது ஒன்பது பிக்சல்தான். அதில் பூ வரைந்தாலும் கல் ஒட்டினாலும் அழுக்குப் புள்ளி போலத்தான் தெரியும். மார்பளவுப் படத்தில் 60 செ.மீ. அடங்கினால் நகத்துக்கு 27 பிக்சல் கிடைக்கும். கை மட்டும் 20 செ.மீ. அளவுக்கு வந்தால் 80 பிக்சல் வரை போகும். மெல்லிய கோடு, புள்ளி, கல் எல்லாம் இந்தக் கடைசி வகைக்கு மட்டுமே செல்லுபடியாகும்.

உங்கள் ஷூட்டுக்கு இரண்டு செட் வேண்டும். தோப்புக்கு அடர்த்தியான ஒரே நிறம். மதியக் குளோசப்புக்கு டிசைன். ஒரே செட்டில் இரண்டையும் சமாளிக்கத்தான் வேண்டும் என்றால், எல்லா விரலுக்கும் ஒரே நிறம் போட்டு மோதிர விரலில் மட்டும் வேலைப்பாடு வையுங்கள்.

நிறத்தைப் புடவையின் உடலிலிருந்து எடுக்காதீர்கள், பார்டரிலிருந்து எடுங்கள். புடவை நிறமே நகத்திலும் இருந்தால் மடிப்பின் மேல் கை வைத்ததும் விரல் நுனி துணிக்குள் கரைந்துவிடும். மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் அரக்கு, செங்கல் சிவப்பு, மரகதப் பச்சை, வெண்கலம், கடுகு மஞ்சள் ஆகியவை நன்றாக நிற்கும். நீலம் கலந்த வெளிர் ரோஸ்தான் ஆபத்து. கடையில் அழகாக இருக்கும், படத்தில் சாம்பல் பூத்தது போல ஆகிவிடும். சுத்த வெள்ளையும் வெயிலில் வெளுத்து உருவமே தெரியாமல் போகும், பால் வெள்ளை எடுங்கள். தோல் நிறத்தை ஒட்டிய நியூட் ஷேடு வேண்டுமென்றால் விரல் தோலைவிட ஒரு படி கூடவோ குறைவாகவோ இருக்கட்டும். அச்சு அசல் ஒன்றாக இருந்தால் நகமே இல்லாத விரல் போலத் தெரியும்.

பட்டுக்கு மாங்காய் புட்டா பொருத்தமான டிசைன். ஜரிகையில் இருக்கும் அதே வளைவை மோதிர விரலில் ஒற்றையாக வரையலாம். கோலப் புள்ளியும் அழகு. ஹேர்பின்னின் உருண்டை முனையைப் பாலிஷில் தொட்டு வைத்தால் ஒரு மி.மீ. அளவுப் புள்ளி கிடைக்கும், ஒரு முறை தொட்டு மூன்று புள்ளிக்கு மேல் வைத்தால் அளவு சிறுத்துக்கொண்டே போகும். மின்னும் கிளிட்டரைத் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வொரு துகளும் தனித்தனி வெள்ளைப் புள்ளியாகி, படத்தில் நகம் சொரசொரப்பாகத் தெரியும். கேட்-ஐ பாலிஷ் குளோசப்புக்கு நல்லது. காந்தம் வைத்து இழுத்த அந்தக் கோடு கை திரும்பத் திரும்ப நகரும் என்பதால் ஒவ்வொரு கோணத்திலும் ஒரு படம் எடுத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

நீளம் விரல் நுனியைத் தாண்டி 3 முதல் 5 மி.மீ. போதும், வடிவம் ஓவல் அல்லது பாதாம். இன்னும் நீளமாகப் போனால் மாடலால் கொசுவத்தைப் பிடிக்க முடியாது, பின் குத்த முடியாது. ஓரம் பிசிறாக இருந்தால் ஜரிகை இழை மாட்டி இழுத்துவிடும். பட்டைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு நகத்தின் ஓரத்தையும் பஞ்சில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு நூல் எங்கே ஒட்டுகிறதோ அங்கே 240 எண் நக ஃபைலால் ஒரே திசையில் இரண்டு இழுப்பு.

மருதாணி வைக்கப் போகிறீர்கள் என்றால் ஷூட்டுக்கு இரண்டு நாள் முன்பே வையுங்கள். எடுத்தவுடன் ஆரஞ்சாக இருப்பது ஒன்றிரண்டு நாளில்தான் கருஞ்சிவப்பாகும். நகத்தில் சாயம் ஏறக் கூடாதென்றால் முதலிலேயே நிறமில்லாத பாலிஷ் ஒரு பூச்சு கொடுங்கள். ஏறிவிட்டால் எதைக் கொண்டும் அழிக்க முடியாது, வளர்ந்துதான் போக வேண்டும். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ.தான் வளரும். ஏற்கெனவே சிவந்த நகம் இருந்தால் அதன்மேல் வெளிர் ஷேடு போடாதீர்கள், அடியிலிருக்கும் ஆரஞ்சு எட்டிப் பார்க்கும். என்னைக் கேட்டால், பாரம்பரிய நகை ஃபிரேமுக்கு மருதாணிச் சிவப்பின் மேல் பளபளப்பான டாப் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) ஒன்று போதும். எந்த டிசைனும் அதற்கு ஈடாகாது.

ஒரே நாளில் இரண்டு செட் என்பதால் பிரஸ்-ஆன் நகங்கள்தான் (இயற்கை நகத்தின் மேல் ஒட்டும் ரெடிமேட் நகங்கள்) வசதி. டப்பாவில் பொதுவாக 24 நகம், பத்துப் பன்னிரண்டு அளவில் வரும். நகத்தின் இரு பக்கச் சுவரையும் தொட வேண்டும், தோல்மேல் ஏறக் கூடாது. இரண்டு அளவுக்கு நடுவே வந்தால் பெரியதை எடுத்துப் பக்கவாட்டில் ராவிக்கொள்ளுங்கள். இயற்கை நகத்தை லேசாகத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகு லோஷனோ எண்ணெயோ தொடவே கூடாது. சாய்வாகப் பிடித்து அடிப்பக்கத்தை முதலில் பதித்து, நுனியை நோக்கி இறக்கி 30 நொடி அழுத்துங்கள். நேராக அமுக்கினால் உள்ளே காற்றுக் குமிழ் சிக்கும், குளோசப்பில் அது வெள்ளைத் திட்டாகத் தெரியும். காலை செட்டுக்குப் பசை வேண்டாம், ஒட்டும் டேப் போதும். மதியம் கழற்றி மாற்ற வேண்டுமே.

விளக்கில் காயவைக்கும் ஜெல் பாலிஷ் போடுவதாக இருந்தால் முதல் நாளே. எல்இடி விளக்கில் பெரும்பாலான பிராண்டுக்கு ஒரு பூச்சுக்கு 30 முதல் 60 நொடி, பாட்டிலில் எழுதியிருக்கும் நேரமே கணக்கு. கட்டைவிரலைத் தனியாக வையுங்கள். நான்கு விரலோடு சேர்த்து வைத்தால் அது பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு ஓரம் காயாமல் சுருங்கிவிடும். காயாத ஜெல் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம், வந்தால் பிறகு ஒவ்வொரு முறையும் வரும். ஓரத்தில் வழிந்ததை விளக்கில் வைக்கும் முன்பே குச்சியால் எடுத்துவிடுங்கள். சாதா பாலிஷ் என்றால் முந்தின நாள் மாலையே முடியுங்கள். இரவு படுக்கும் நேரத்தில் போட்டால் காலையில் போர்வையின் நெசவு அப்படியே நகத்தில் பதிந்திருக்கும். ஏப்ரல், மே வெயிலில் பாட்டிலைக் காரில் விடாதீர்கள். கெட்டியாகி, பூசும்போது குமிழ் விடும். தின்னர் இரண்டு மூன்று சொட்டு விடலாம், ரிமூவர் ஊற்றினால் பாலிஷ் கெட்டுவிடும்.

இனி வெளிச்சம். பெரும்பாலான நகப் படங்கள் கெடுவது இங்கேதான். பளபளப்பான நகம் வெளிப்பக்கம் புடைத்த ஒரு குட்டிக் கண்ணாடி. அறையில் இருப்பதெல்லாம் அதில் விழும். ஜன்னலோரம் கையை வைத்து, கட்டைவிரல் நகத்தை உற்றுப் பாருங்கள். ஜன்னல் கிரில் கம்பி ஒவ்வொன்றும் சிறைக்கதவு போல அதில் வளைந்து நிற்கும். அதைப் படத்தில் எடுத்துவிட்டு எடிட்டிங்கில் அழிப்பது பத்து நகத்துக்கும் பத்துத் தண்டனை. கிரில்லை மூடி ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாகத் தொங்கவிடுங்கள். கரை நிறம் ஜன்னலுக்குள் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள், பச்சைக் கரையும் நகத்தில் விழும். இப்போது நகத்தில் ஒரே ஒரு மென்மையான வெள்ளைப் பட்டை தெரியும். கையை மெல்லத் திருப்பி, அந்தப் பட்டை நகத்தின் நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக நீளவாக்கில் ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். நிறமும் தெரியும், பளபளப்பும் தெரியும். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் பலகை வைத்தால் நிழல் தணியும். வெளிர் நகத்தின் ஓரக்கோடு பின்னணியில் கரைகிறதா? தெர்மோகோலுக்குப் பதில் கறுப்புச் சார்ட் வையுங்கள், விளிம்பில் ஒரு கரிய கோடு வரும். படம் எடுப்பவர் கறுப்புச் சட்டை போடுவது நல்லது. மஞ்சள் சட்டை நகத்தில் மஞ்சளாகவே விழும். அறை டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் ஒரே கையில் இரண்டு நிறம் வரும்.

கேமராவில் லென்ஸை அகலத் திறந்து எஃப் 1.8ல் எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். 50 எம்எம் லென்ஸில், ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில், 45 செ.மீ. தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் நான்கைந்து மி.மீ.தான். ஆள்காட்டி விரல் தெளிவாக இருக்கும், சுண்டுவிரல் மங்கும். எஃப் 8 வைத்தால் ஏறக்குறைய 2 செ.மீ. கிடைக்கும், நான்கு நகமும் அடங்கிவிடும். ஷட்டர் 1/125, ஐஎஸ்ஓ 400ல் தொடங்கி வெளிச்சத்துக்கேற்ப மாற்றுங்கள். நகங்கள் எல்லாம் கேமராவுக்கு ஒரே தளத்தில் இருக்குமாறு விரலை அடுக்கினால் பாதி வேலை முடிந்தது.

ஃபோனில் எடுப்பதென்றால் நெருங்கிப் போகாதீர்கள். மிக அருகில் போனதும் பல ஃபோன்கள் தானாக அகல லென்ஸுக்கு மாறி, முன்னால் இருக்கும் விரலைக் கிழங்கு போலப் பெரிதாக்கிவிடும், ஃபோனின் நிழலும் கையில் விழும். 30 செ.மீ. தள்ளி நின்று 2 எக்ஸ் ஜூம் வையுங்கள். போர்ட்ரெய்ட் மோடு நக நுனியைப் பின்னணி என்று நினைத்து மங்கலாக்கும், அதையும் பியூட்டி மோடையும் அணைத்துவிடுங்கள். நடுவிரல் நகத்தின் மேல் அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைச் சற்றே குறையுங்கள். சிவப்பு நகத்துக்கு இது கட்டாயம். கேமராவிலும் சிவப்பு சேனல்தான் முதலில் நிரம்பி வழியும், வழிந்தால் அரக்கு நிறம் ஒரு தட்டையான சிவப்புத் திட்டாகிவிடும். எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) 2/3 ஸ்டாப் குறைத்து எடுத்தால் நிறம் உயிரோடு இருக்கும். முதல் படத்தில் பாலிஷ் பாட்டிலையும் ஒரு வெள்ளைத் தாளையும் கையோடு சேர்த்து எடுத்துவையுங்கள், எடிட்டிங்கில் நிறத்தைச் சரிபார்க்க அதுதான் சாட்சி.

கை நரம்பு புடைத்துத் தெரிந்தால் ஒரு நிமிடம் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, இறக்கியதும் எடுங்கள். புறங்கையை அகலமாகக் காட்டாமல் சுண்டுவிரல் பக்கம் கேமராவுக்குத் திரும்பினால் கை ஒல்லியாகத் தெரியும். எதைப் பிடித்தாலும் பிடிக்கக் கூடாது, தொட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் நகத்தடியில் ரத்தம் விலகி நுனி வெளுத்துவிடும். ஒரு சொட்டு எண்ணெயை நகத்தைச் சுற்றியுள்ள தோலில் மட்டும் தடவி உடனே ஒற்றி எடுங்கள், ரிமூவர் பட்ட வெள்ளைப் பொருக்கு மறையும். மதியச் சாப்பாட்டை ஸ்பூனில் சாப்பிடச் சொல்லுங்கள். சாம்பார் மஞ்சள் வெளிர் நகத்தில், அதுவும் பளபளப்பில்லாத மேட் டாப் கோட்டில், ஒரு முறை பட்டால் போகாது.

தோப்பில் இரண்டு தொல்லை. ஒன்று, இலை வழியே வரும் வெளிச்சம் பச்சையாக இருக்கும். பால் வெள்ளை நகமும் தோலும் நோய்பட்டது போல ஆகும். தோப்பின் ஓரத்துக்கு வந்து திறந்த வானம் தெரியும் பக்கமாக நில்லுங்கள், கையின் கீழே படத்தில் வராதபடி ஒரு வெள்ளைத் துணியை விரியுங்கள். இன்னொன்று மாங்காய்ப் பால். பெங்களூரா மாங்காயை அப்போதுதான் பறித்துக் கையில் கொடுத்தால் காம்பிலிருந்து பால் வடிந்து தோலைப் பொத்துவிடும், பட்டிலும் கறை பிடிக்கும். முந்தின நாள் பறித்துக் கழுவித் துடைத்த காயைக் கொடுங்கள். ஓசூர் ரோஜா பிடிக்க வைத்தால் முள்ளை நீக்கிவிட்டுக் கொடுங்கள், முள் கீறினால் டாப் கோட்டில் கோடு விழும்.

ஒகேனக்கல் வரை போகும் எண்ணம் இருந்தால் அங்கே டேப் நகம் தாங்காது. சாரல் ஈரத்தில் கழன்றுவிடும், பசைதான் ஒரே வழி. அருவிக்கரையில் எண்ணெய் மசாஜ் செய்துகொள்வதாக இருந்தாலும் ஷூட் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாறையில் கை ஊன்றும் போஸில் நகம் பாறையைத் தொடாமல் விரல் நடுப்பகுதியை ஊன்றட்டும், வெயில் ஏறினால் பாறை சுடும் என்பதால் காலை எட்டு மணிக்குள் அந்தப் படத்தை முடித்துவிடுங்கள்.

கழற்றும்போது பிய்க்க வேண்டாம். இளஞ்சூட்டுச் சோப்பு நீரில் சில சொட்டு எண்ணெய் விட்டுப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, பக்கவாட்டிலிருந்து மரக்குச்சியால் நெம்புங்கள். பசை விடவில்லை என்றால் இன்னும் பத்து நிமிடம் ஊறட்டும். அவசரப்பட்டு இழுத்தால் இயற்கை நகத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து உரிந்து வரும்.