துக்க வீட்டுக்கு வந்த அழைப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் கும்பகோணத்துக்காரி. இப்போது ஒஹையோவில் மகள் வீட்டில் இருக்கிறேன். என் கணவர் மார்ச் மாதம் தவறிவிட்டார். வருஷத் திதி ஆகும்வரை பண்டிகை இல்லை என்று தீபாவளிக்குத் தலையில் எண்ணெய்கூட வைத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை அமெரிக்கர். தாங்க்ஸ்கிவிங் என்று இங்கே ஒரு நன்றிப் பண்டிகை, அன்று அவருடைய பாட்டி வீட்டில் நாற்பது பேர் கூடுகிறார்கள். சம்பந்தியம்மாளே போன் செய்து நான் கட்டாயம் வரவேண்டும் என்றார். சாப்பிடும்முன் ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று சொல்ல வேண்டுமாம். இந்த வருஷம் நான் எதற்கு நன்றி சொல்வது? அவர்கள் சந்தோஷத்துக்கு நடுவில் ஒரு துக்கக்காரி எதற்கு என்றும் தோன்றுகிறது. நான் சைவம் வேறு. போகலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

போங்கள்.

திதிவரை பண்டிகை இல்லை என்பதை விட்டுவிடச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆனால் இந்தப் பண்டிகையை நாடு முழுவதற்கும் ஆக்கியவர் யார் என்று தெரிந்தால் உங்கள் தயக்கம் கொஞ்சம் குறையும்.

நியூ ஹாம்ப்ஷயரில் சாரா ஜோசஃபா ஹேல் என்று ஒரு பெண். 1822இல் கணவர் இறந்தபோது கையில் நான்கு குழந்தைகள், வயிற்றில் ஒன்று. அதன்பின் ஆயுள் முழுக்கக் கறுப்பு உடைதான். எழுதிச் சம்பாதித்தார், பெண்கள் பத்திரிகைக்கு ஆசிரியரானார். அன்று தாங்க்ஸ்கிவிங் பெரும்பாலும் வடகிழக்கு மாநிலங்களின் வழக்கம். மாநிலத்துக்கு ஒரு தேதி. நாடு முழுவதும் ஒரே நாளில் குடும்பங்கள் கூடவேண்டும் என்று அவர் வருஷக்கணக்கில் தலையங்கம் எழுதினார். ஆளுநர்களுக்கும் ஜனாதிபதிகளுக்கும் கடிதம் போட்டார். 1863 செப்டம்பரில் ஜனாதிபதி லிங்கனுக்கு எழுதினார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அந்தப் போரில் ஆயிரக்கணக்கானோர் மாண்ட கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்து மூன்று மாதம்தான். அக்டோபர் 3 அன்று லிங்கன் நன்றி நாளை அறிவித்தார். விதவைகளையும் அநாதைகளையும் துக்கப்படுகிறவர்களையும் இறைவனிடம் ஒப்படைத்து வேண்டிக்கொள்ளுங்கள் என்று அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது. துக்கக்காரிக்கு அங்கே என்ன இடம் என்று கேட்டீர்கள். அந்தப் பந்திக்கு அழைப்பு அனுப்பியதே ஒரு துக்கக்காரிதான் அம்மா.

இன்னும் பின்னால் போனாலும் இதே கதைதான். 1620இல் இங்கிலாந்திலிருந்து மேஃப்ளவர் கப்பலில் 102 பேர் பிளிமத்தில் குடியேற வந்தார்கள். முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறைய பாதிப்பேர் இறந்துபோனார்கள். 1621 அறுவடையில் மிஞ்சியவர்கள் விருந்து வைத்தபோது அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான வாம்பனோக் மக்களின் தலைவர் மாசசோயிட் சுமார் 90 பேருடன் வந்தார். ஐந்து மான்களைக் கொண்டுவந்து கொடுத்து, மூன்று நாள் கூட இருந்தார்கள். அந்த நிலம் முன்பு பட்டக்ஸெட் என்ற ஊர். சில வருஷம் முன்னால்தான் கொள்ளைநோயில் ஊரே அழிந்திருந்தது. வந்தவர்களுக்குச் சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்த டிஸ்குவான்ட்டம் அந்த ஊர்க்காரர். அவரைப் பிடித்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் சொந்தமென்று ஒருவரும் இல்லை. பின்னால் வாம்பனோக் மக்கள் நிலத்தையும் இழந்தார்கள். 1970 முதல் பூர்வகுடிகள் ஒவ்வொரு வருஷமும் இதே நாளில் பிளிமத்தில் கூடித் துக்கம் அனுசரிக்கிறார்கள். இதை விட்டுவிட்டு அந்த விருந்தைப் பற்றிப் பேச எனக்கு மனம் வராது.

சில வருஷங்களுக்கு முன் பென்சில்வேனியாவில் இப்படி ஒரு பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். கார் ஷெட்டிலிருந்து மடக்கு மேஜைகளை எடுத்து வரிசையாகச் சேர்த்திருந்தார்கள். குழந்தைகளுக்குத் தனி மேஜை. நம் வீட்டு விசேஷம் என்றால் வீட்டுக்காரர்தான் எல்லாம் சமைத்துப் போடவேண்டும். அங்கே ஒவ்வொரு பாத்திரமும் ஒவ்வொருவர் பெயரில் இருந்தது: இது அத்தையின் பூசணி இனிப்பு (பம்ப்கின் பை), இது சித்தப்பாவின் உருளைக்கிழங்கு என்று. வான்கோழியோடு வைக்கும் ஸ்டஃபிங் என்ற ரொட்டிக் கலவை மட்டும் "பாட்டியுடையது". பாட்டி இறந்து ஆறு வருஷம். வெண்ணெய்க் கறை படிந்த அட்டையில் அவர் கையெழுத்தில் இருந்த குறிப்பைப் பார்த்துப் பேரன் செய்திருந்தான். முதல் கரண்டி பரிமாறும்போது சட்டென்று பேச்சு அடங்கியது. பிறகு ஆளுக்கு ஒரு பாட்டி கதை.

சாப்பாட்டைப் பற்றி: ஸ்டஃபிங்கைப் பறவைக்குள் வைத்தோ கோழிச் சாறு ஊற்றியோ செய்திருப்பார்கள், வேண்டாம். கிரேவியும் இறைச்சிச் சாறுதான். சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மேல் மார்ஷ்மெல்லோ மிட்டாய் இருந்தால் அதில் மிருகத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு. உருளைக்கிழங்கு மசியல், கிரான்பெர்ரி, ரொட்டி பெரும்பாலும் தொந்தரவில்லை; எதற்கும் சம்பந்தியம்மாளிடம் முன்கூட்டியே கேளுங்கள். கூச்சம் வேண்டாம், அந்த நாளில் அங்கே எல்லாரும் கேட்கிற கேள்விதான்.

இன்னொன்றும் கேளுங்கள்: "நான் என்ன கொண்டுவரட்டும்?" அன்று ஓவனை மணிக்கணக்கில் வான்கோழி பிடித்துக்கொள்ளும். சூடாக்கவே வேண்டாத பண்டத்தோடு வருகிறவரை அந்த வீடு கொண்டாடும். உங்கள் கணவருக்கு மிகவும் பிடித்தது எதுவோ அதையே செய்யுங்கள் என்பேன். புளியோதரையாக இருந்தால் ரொம்ப நல்லது.

உங்கள் முறை வரும்போது நன்றிக்குக் காரணம் தேடவேண்டாம். அவர் பெயரைச் சொல்லுங்கள். இத்தனை வருஷம் அவரோடு இருந்தேன், இது அவருக்குப் பிடித்த சாதம் என்று தமிழிலேயே சொல்லுங்கள், மகள் மொழிபெயர்க்கட்டும். அழுகை வந்தால் வரட்டும்.

நவம்பர் நான்காவது வியாழன். புளிக்காய்ச்சலைப் புதன்கிழமையே காய்ச்சி வைத்துவிடுங்கள். வேர்க்கடலையை மட்டும் தனிக் கிண்ணத்தில் கொண்டுபோங்கள். அங்கே சில குழந்தைகளுக்கு அது ஒத்துக்கொள்ளாது.